டாக்டர் திருப்பிக் கூப்பிடவில்லை

எங்கள் கடையில் முதலில் சொல்லப்படுவதை யாரும் நம்புவதில்லை. சொல்கிறவரும் நம்புவார்கள் என்று நினைத்துச் சொல்வதில்லை. மில்காரர், "சரக்கு வர முப்பது நாள் ஆகும்" என்றால் அவர் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார் என்று அர்த்தம். "பத்தே நாள்ல வேணும்" என்று நானும் பதிலுக்குக் கனைப்பேன். டீ வரும். அவர் பெண்ணின் படிப்பைப் பற்றி நான் விசாரிப்பேன், என் முட்டிவலியைப் பற்றி அவர் விசாரிப்பார். கடைசியில் பதினெட்டில் வந்து நிற்போம். பதினெட்டு என்று இருவருக்குமே முதலிலேயே தெரியும். ஆனாலும் எடுத்த எடுப்பில் அதைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் தூக்கம் வராது.

மொத்தத் துணி வியாபாரம் எங்களுடையது. கீழே கடை, மாடியில் வீடு. கடையை நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். அவன் அளப்பான், நான் பேசுவேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. போன இடத்தில் எல்லாம் பேச்சு படியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி பேச்சில் எனக்குத் தெருவில் ஒரு பெயர் உண்டு. பக்கத்துக் கடைக்காரர்கள்கூடப் படியாத பேச்சுக்கு என்னைத் துணைக்குக் கூட்டிப் போவார்கள். என்னிடம் இருந்ததிலேயே உசத்தியான சரக்கு, எழுந்து போவது. அதற்கு ஒரு பக்குவம் வேண்டும். கோபப்படக் கூடாது. நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ள வேண்டும். "சரிங்க, உங்க நேரத்த வீணாக்கிட்டேன்" என்று கைகூப்ப வேண்டும். திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். வாசல் போய்ச் சேர்வதற்குள், "அட, உக்காருங்க சார், எங்க போறீங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். முப்பது வருஷத்தில் வராமல் இருந்ததில்லை.

ஆகவே, தம்பியின் நாலு மாதப் பெண் குழந்தைக்கு இந்த வாரத்துக்குள் தலையில் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று மூளை டாக்டர் சொன்னபோது, 'இந்த வாரம்' என்பது எனக்கு முப்பது நாள் மாதிரிதான் கேட்டது.

குழந்தை பிறக்கும்போதே வலது காது இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு மொட்டுத்தான் இருந்தது. வலது தாடையும் இடதை விடக் கொஞ்சம் சின்னது. சிரித்தால் சிரிப்பு ஒரு பக்கமாக ஏறும். குழந்தைகள் டாக்டர் அதற்கு ஒரு நீளப் பெயர் சொன்னார். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வளர்ச்சி குறைந்து பிறக்கிற நிலை, பல ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் வரும் என்றார். கருவில் தற்செயலாக நடப்பது, யார் மேலும் தப்பில்லை என்றும் சொன்னார். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாராலும் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் தம்பி மனைவி அந்தக் காது மொட்டைத் தடவிக்கொண்டே, "பாருங்க பெரியத்தான், சட்டைக்கு ஒரு பட்டன் கம்மியானா நாம திருப்பி அனுப்பிடறோம். இவ கூடுதலா ஒரு பட்டன் வச்சிக்கிட்டு வந்திருக்கா" என்றாள். அன்றிலிருந்து குழந்தைக்குப் பட்டன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் இருந்தது.

இந்த நீளப் பெயர்க்காரர்களுக்கு வேறு இடத்திலும் கோளாறு இருக்கலாம் என்று இருதயம், சிறுநீரகம், முதுகெலும்பு எல்லாவற்றையும் படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் தலையை எடுத்தார்கள். அங்கே மாட்டிக்கொண்டது.

மூளை டாக்டர் குள்ளமான பெண்மணி. கிராப்பு வெட்டிய நரைமுடி, கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. மேஜைமேல் பிரித்து மாட்டுகிற பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது. அதை எடுத்துக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் அதன் மேல் எங்கள் ஃபைலைச் சாய்த்து வைத்துவிட்டுத் திரையைத் திருப்பினார்.

"மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் ரெண்டு ரூம் இருக்குன்னு வச்சிக்குங்க. ரெண்டுலயும் தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். எல்லாருக்கும் ஊறும், உங்களுக்கும் எனக்கும். ஊறினது அந்தந்த ரூம் வாசல் வழியா நடு ஹாலுக்கு வந்து வெளிய போயிடும். இவளுக்கு இடது பக்க ரூமுக்கு வாசல் இல்ல. பொறக்கும்போதே அடைஞ்சிருக்கு. அதனால தண்ணி உள்ளயே சேந்து, ரூம் வீங்கி, சுத்தி இருக்கற மூளைய நசுக்குது. வழக்கமா ரெண்டு பக்கமும்தான் வீங்கும். இவளுக்கு ஒரு பக்கம் மட்டும்."

"அப்ப பாதி வியாதிதானே டாக்டர்?" என்றான் தம்பி. அவனைக் குறை சொல்வதற்கில்லை. நானும் அதைத்தான் கேட்க இருந்தேன்.

"பாதி இல்ல. அந்தப் பக்கத்துக்கு அது முழுசு" என்றார் டாக்டர். "ரெண்டு ரூமுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு சுவர் இருக்கு. சின்னதா ஒரு துளை போட்டு, கேமரா வச்ச குழாய் ஒண்ண உள்ள விட்டு, அந்தச் சுவர்ல ஒரு ஜன்னல் திறந்து விடுவேன். இடது பக்கத்துத் தண்ணி வலது ரூம் வழியா வெளிய போயிடும். தலை சுத்தளவு நாப்பத்துமூணு இருக்கு. இந்த வயசுக்கு ரெண்டு ரெண்டரை சென்டிமீட்டர் ஜாஸ்தி. இந்த வாரம் பண்ணிடணும்."

தம்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கல்லாவுக்கு எதிரில் முரட்டு ஆள் யாராவது வந்து நின்றால் பார்ப்பானே, அதே பார்வை. அண்ணே, நீ பேசு. தம்பி மனைவி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "டாக்டர் சொன்னா பண்ணிடலாமே" என்றாள். பேச்சு நடக்கும் இடத்தில் வீட்டுக்காரர்களே இப்படி முந்திக்கொண்டால் வியாபாரம் கெட்டுவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"டாக்டர், குழந்தை நல்லா பால் குடிக்கறா, சிரிக்கறா" என்று ஆரம்பித்தேன். "நாலு மாசப் பிஞ்சு. ஆறு மாசம் ஆகட்டுமே. கொஞ்சம் தேறிடுவா. உங்களுக்கும் வேல சுலபம்."

"ஆறு மாசம் ஆகக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

"சரி, அஞ்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அது மார்பில் விழுந்து ஆடியது. "நீங்க குழந்தைக்கு யாரு?"

"பெரியப்பா."

"பெரியப்பா, நான் தேதி பேசிக்கிட்டு இல்ல. இந்த வாரம்."

பணம் என்கிற வார்த்தையே அந்த அறையில் எழவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாள் கணக்கில்தான் முட்டிக்கொண்டது. நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளினேன். கைகூப்பினேன். "சரிங்க டாக்டர், உங்க நேரத்த வீணாக்கிட்டோம்" என்றேன். தம்பியும் எழுந்தான். அவன் மனைவி எழ மனமில்லாமல் எழுந்தாள். மேஜைக்கும் கதவுக்கும் ஆறு தப்படி இருக்கும். நான் ஒன்பதாக நடந்தேன். கைப்பிடியைப் பிடித்து, அது சரியாகத் திருகவில்லை என்பதுபோல இரண்டு தரம் திருகினேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "அடுத்த பேஷன்ட்ட வரச் சொல்லுங்க."

தெருவுக்கு வந்தபிறகும் அவர் ஆள் அனுப்புவார் என்று கால் மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். "எதுக்கு நிக்கறோம்?" என்று கேட்டாள் தம்பி மனைவி. காற்றுக்கு என்றேன்.

ஓர் இடத்தில் படியாவிட்டால் பக்கத்துக் கடை. அதுதானே முறை. மறுநாளே வேறு ஒரு மூளை டாக்டரிடம் போனோம். இவர் உயரமானவர், பொறுமைசாலி. சாய்வு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். படத்தைப் பார்த்தார், குழந்தையின் உச்சிக்குழியில் விரல் வைத்துப் பார்த்தார். "பண்ண வேண்டிய ஆபரேஷன்தான். அவங்க சொன்னது சரி" என்றார்.

"கொஞ்சம் பொறுக்கலாமில்லையா டாக்டர்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை எந்தக் குரலில் கேட்டால் எதிராளிக்கு 'இல்லை' என்று சொல்ல மனசு வராதோ, அந்தக் குரல் என்னிடம் உண்டு.

அவர் யோசித்தார். "வாந்தி இல்ல. உச்சிக்குழி இன்னும் மெத்துனு இருக்கு. ரெண்டு வாரம் வேணும்னா கண்காணிச்சுப் பாக்கலாம். ஆனா ரெண்டு நாளைக்கு ஒரு தரம் தலைய அளக்கணும். ஒரு வாரத்துல அரை சென்டிமீட்டருக்கு மேல ஏறினா, வாந்தி எடுத்தா, கருவிழி கீழயே சொருகி நின்னா, இல்ல வழக்கத்த விட அதிகமா தூங்கினா, அன்னைக்கே வந்துடணும்."

அதில் 'ஆனா' வரைக்கும் உள்ளதை நான் வாங்கிக்கொண்டேன். மிச்சத்தைத் தம்பி மனைவி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டாள். வெளியே வந்ததும் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "முடிச்சிட்டியேண்ணே" என்றான். ஒரு வாரத்தை இரண்டு வாரமாக்கியிருந்தேன். நானும் முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தேன். பொய் சொல்வானேன்.

அளக்கும் வேலை தம்பிக்கு. தெருவிலேயே கைசுத்தமாக அளப்பவன் அவன்தான். கடையில் ஒரு துணிச் சுருளைப் பிரித்து அளந்தான் என்றால் மில்லே வந்து நின்றாலும் நூலிழை வித்தியாசம் காண முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் கடை திறப்பதற்கு முன், அம்மா மடியில் பட்டன் உட்கார்ந்திருக்க, கழுத்தில் தொங்கும் நாடாவை எடுத்து அளப்பான். முதல் நாள் நாற்பத்துமூன்று. பிறகு நாற்பத்துமூன்றும் ஒரு கோடும். பிறகு இரண்டு கோடு. ஏழாம் நாளும் இரண்டு கோடுதான். ஒவ்வொரு தரமும் மாடிப்படியில் நின்று எண்ணை அறிவிப்பான். நான் கீழேயிருந்து, "ரொம்ப சந்தோஷம், ஷட்டரத் தூக்கு" என்பேன்.

குழந்தையும் சமர்த்தாகிக்கொண்டே வந்தாள். ராத்திரி அழுவதில்லை. பகலிலும் தூக்கம். வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். "எங்க பட்டன் மாதிரி பாக்க முடியாதுங்க. இருக்கற இடமே தெரியாது." தம்பி மனைவி மட்டும், "ரொம்பத் தூங்கறாளே" என்று இரண்டு தரம் சொன்னாள். "தூங்கற குழந்தைதாம்மா வளரும்" என்றேன். என்ன வளர்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் நண்பகல். கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. தம்பி மனைவி ஓர் இடுப்பில் குழந்தையும் மறு கையில் இரண்டு தொப்பியுமாகக் கீழே இறங்கி வந்தாள். அவள் பிறந்த வீடு தையல் வீடு. அப்பா, அண்ணன், அவள் மூவருக்குமே கத்தரி பேசும். ஆஸ்பத்திரியில் சொன்ன அளவை வைத்து, அரை விரல் தாராளம் விட்டு, எங்கள் கடை வெள்ளைப் பருத்தியில் குழந்தைக்கு நாலு தொப்பி தைத்திருந்தாள்.

"தொப்பி ஏறல" என்றாள். மாட்டிக் காட்டினாள். வலது பக்கம் சரியாக இறங்கியது. இடது பக்கம் நெற்றிக்கு மேலேயே நின்றுவிட்டது.

தம்பி, "தொவைச்சதுல சுருங்கியிருக்கும்" என்றான்.

"முதல் தண்ணில கொஞ்சம் உள்வாங்கும்மா" என்று நானும் சேர்ந்துகொண்டேன். "பருத்திதானே."

அவள் என்னைப் பார்த்தாள். "நேத்து சாயங்காலம் போர்வைத் துணி வாங்க வந்தவர்கிட்ட என்ன சொன்னீங்க பெரியத்தான்?"

"என்ன சொன்னேன்?"

"'இந்தப் பருத்தி ஒரு நூல் சுருங்கினாலும் கடைய மூடிட்டுப் போயிடறேன்'னு சொன்னீங்க. மாடிக்குக் கேட்டுச்சு. இதே துணிதான்."

"அது வியாபாரத்துக்கு..."

"வியாபாரத்துக்குச் சுருங்காது, பட்டனுக்குச் சுருங்குமா?"

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஆள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் இரண்டாவது தொப்பியை எடுத்தாள். மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. "நாலாவது தொப்பி. இது இன்னும் தண்ணியே பாக்கல." மாட்டினாள். அதுவும் அதே இடத்தில் நின்றது.

முப்பது வருஷத்தில் எந்த வாடிக்கையாளரும் என் சரக்கை வைத்தே என்னை மடக்கியதில்லை.

"நாடாவக் குடு" என்றேன் தம்பியிடம்.

"காலைலதானே அளந்தேன்."

"குடுடா."

"வேணாம்ணே" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கும் தெரியும். அறிவுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் தெரியும். "சரி, நீயே அள. காலைல அளந்த மாதிரியே அள" என்றேன். அளந்தான். புருவத்துக்கு ஒரு விரல் மேலே நாடாவை வைத்தான். பின்மண்டையின் மேடு வந்ததும் நாடா தானாக அந்த மேட்டைத் தாண்டி மேலே ஏறிப் போய்விட்டது. கடைசி இழுப்பில் ஒரு அழுத்தம். நாற்பத்துமூன்றும் இரண்டு கோடும்.

துணி வாங்குகிறவன் அளப்பதும் விற்கிறவன் அளப்பதும் ஒரே நாடாவில்தான், ஆனால் ஒரே எண் வராது; வாங்குகிறவனுக்குக் குறைவாக வரும், விற்கிறவனுக்குக் கூடுதலாக வரும். கொஞ்சம் தளர விட்டால் ஒன்று, கொஞ்சம் இழுத்தால் ஒன்று. யாரும் ஏமாற்றுவதில்லை. எது வேண்டுமோ அதன் பக்கம் கை சாயும், அவ்வளவுதான். தெருவிலேயே கைசுத்தமான என் தம்பி, கடவுளிடம் வாங்குகிறவன் மாதிரி அளந்திருக்கிறான்.

நான் நாடாவை வாங்கினேன். புருவத்துக்கு ஒட்டி வைத்து, பின்மண்டையில் எது அதிகம் துருத்திக்கொண்டிருக்கிறதோ அதன் மேல் கொண்டுபோனேன். இழுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் நாற்பத்துநாலரை.

தம்பி துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். "நான் தெரிஞ்சு பண்ணலண்ணே."

"தெரியும்டா."

"சத்தியமா..."

"எழுந்து வண்டியக் கூப்பிடு. சத்தியமெல்லாம் போற வழில பண்ணிக்கலாம்" என்றாள் அவன் மனைவி. அவள் அவனை ஒருமையில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எந்த டாக்டரிடம் போவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. வண்டி முதல் டாக்டரின் ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. முன்பதிவு இல்லை. வரவேற்பு மேஜையில் இருந்த பெண், "இன்னைக்கு லிஸ்ட் முடிஞ்சிடுச்சு. நாளன்னைக்கு காலைல பத்து மணிக்கு எழுதிக்கவா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி மனைவி குழந்தையின் தொப்பியைக் கழற்றி, தலையை அந்தப் பெண் பக்கம் திருப்பினாள். அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள்.

டாக்டர் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும், "எழுந்து போன பெரியப்பாதானே?" என்றார்.

"ஆமாங்க டாக்டர்."

அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுக்குப் பதில் பேச எனக்குத் தெரியும். அவர் உச்சிக்குழியில் விரல் வைத்தார். நானும் அவர் அனுமதியோடு தொட்டுப் பார்த்தேன். மேளத்தோல் மாதிரி விறைத்திருந்தது. குழந்தையின் கண் எதிரே சாவிக்கொத்தை ஆட்டினார். கருவிழி கீழேயே நின்றது, மேலே வரவில்லை. "எத்தன நாளா ரொம்பத் தூங்கறா?"

"நாலஞ்சு நாளா" என்றாள் அம்மாக்காரி. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"நாளைக்கு காலைல முதல் கேஸ்."

பழக்கம் விடாது. என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "டாக்டர், கொஞ்சம் முன்ன பின்ன..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முன்ன. முன்னதான் டாக்டர். இன்னைக்கே முடியாதா?"

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அம்மாவிடம் கேட்டார், "கடைசியா எப்பப் பால் குடிச்சா?"

"பத்தரைக்கு. அதுக்கப்புறம் வேணாம்னுட்டா."

"இனிமே குடுக்காதீங்க." ஃபோனை எடுத்தார். மயக்க டாக்டரிடம் பேசினார், தியேட்டர் பொறுப்பாளரிடம் பேசினார், வேறு யாரிடமோ அவருடைய கேஸைத் தள்ளி வைக்கச் சொன்னார். அந்த வேறு யாரோ ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. டாக்டர் மூன்று நிமிஷம் பேசினார். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவில்லை, நடுவில் எதிராளி வீட்டு நாய்க்குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்தார். ஃபோனை வைத்தார். "நாலு மணி." அவ்வளவு சுத்தமான வேலையை நான் எங்கள் தெருவில்கூடப் பார்த்ததில்லை.

சம்மதப் படிவம் வந்தது. மூன்று பக்கம். கொள்முதல் ஒப்பந்தத்தைப் படிக்கிற மாதிரி வரி வரியாகப் படித்தேன். ரத்தக்கசிவு, தொற்று, வலிப்பு, பலனில்லாமல் போவது, மறுபடி அடைத்துக்கொள்வது, இன்னும் சொல்லக்கூடாதது ஒன்று. "தம்பி, இதுல கையெழுத்துப் போட்டா அவங்க பொறுப்புன்னு ஒண்ணுமே மிச்சமில்லடா" என்றேன்.

"பொறுப்பு அவங்களுக்கு இல்ல, நமக்குத்தான் பெரியத்தான். நாமதான் ஒம்போது நாள் தள்ளினோம்" என்று சொல்லிவிட்டு, தம்பி மனைவி பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். 'நாம' என்றாள். அவளுக்கு அதில் பங்கே கிடையாது.

நாலு மணிக்கு உள்ளே போன குழந்தை ஐந்தே முக்காலுக்கு வெளியே வந்தாள். இடையில் நடந்ததைச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு பெஞ்சி, மூன்று பேர், தண்ணீர் வராத ஒரு தண்ணீர் இயந்திரம். தம்பி அதை நாலு தரம் அழுத்திப் பார்த்தான். டாக்டர் பச்சைத் தொப்பியோடு வந்து, "ஜன்னல் திறந்தாச்சு. தண்ணி போகுது. இனி அடைக்காம இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். தம்பி அழுதான். அவன் மனைவி, "பால் எப்பக் குடுக்கலாம்?" என்று கேட்டாள்.

மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனைக்குப் போனோம். புதுப் படத்தில் இடது பக்க அறை முக்கால்வாசி சுருங்கியிருந்தது. தலையின் அளவு ஏறுவது நின்று, உடம்பு அதை எட்டிப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. கண் மேலே வருகிறது. சிரிப்பு வழக்கம்போல ஒரு பக்கமாக ஏறுகிறது. டாக்டர் மேஜையிலிருந்து ஒரு பேனா மூடியை எடுத்து நீட்டினார். பட்டன் இடது கையால் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். இன்னொரு மூடியை வலது பக்கமாக நீட்டினார். அதற்கும் இடது கைதான் குறுக்கே வந்தது. வலது கை பொத்தினது பொத்தினபடி மடியில் கிடந்தது.

"வீட்டுலயும் இப்படித்தானா?"

"ஆமா" என்றாள் அம்மாக்காரி. "எங்கண்ணனும் இடது கைக்காரன்தான்னு சொல்லிக்கிட்டிருந்தோம்."

"இந்த வயசுல கை பழக்கமெல்லாம் வராது. இடது மூளைதான் வலது கைய நடத்துது. அது நசுங்கியிருந்த இடம். பயிற்சி குடுத்தா நல்லா முன்னேறும். எவ்ளோ தூரம்னு இப்பச் சொல்ல முடியாது."

நான் மூன்று மாதமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "டாக்டர், அந்த ஒம்போது நாள்... அதனாலயா?"

"தெரியாது."

"ஒரு குத்துமதிப்பா."

"குத்துமதிப்பு என்கிட்ட இல்ல பெரியப்பா. முதல் நாளே பண்ணியிருந்தாலும் கை இப்படி இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். பொறக்கறதுக்கு முன்னாடியே நசுங்கியிருக்கலாம்."

"பாதி அது, பாதி இதுன்னாவது..."

"தெரியாதுன்னா தெரியாதுதான்."

ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து போவதற்கு அங்கே ஒன்றுமில்லை. தம்பி மனைவி என் பக்கம் திரும்பவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை, குத்தியும் காட்டவில்லை. அவள் ஏதாவது ஒன்றைச் சொல்வாள் என்று நானும் இன்றுவரை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பயிற்சிக்காரர் ஓர் இளைஞர், மகா கறார். பட்டனின் வலது முஷ்டியை விரல் விரலாகப் பிரித்து, உள்ளங்கையை முழுசாக விரித்து, ஐந்து எண்ணும் வரை பிடித்திருந்து விட வேண்டும். ஒரு தவணைக்கு இருபது தடவை, நாளுக்கு மூன்று தவணை. "பதினஞ்சு, பதினாறுன்னு நிறுத்திடுவாங்க எல்லாரும். குழந்தை அழும், பாவமா இருக்கும். நிறுத்தாதீங்க" என்றார்.

காலைத் தவணை அம்மாவுடையது, சாயங்காலம் அப்பாவுடையது. மதியத் தவணையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடையில் கூட்டம் ஓய்கிற நேரம். பட்டனைத் துணிக்கட்டின் மேல் உட்கார வைத்து, எதிரில் முக்காலி போட்டு உட்காருவேன். முதல் பத்து வரை வேடிக்கை பார்ப்பாள். அதற்குப் பிறகு உதட்டைப் பிதுக்குவாள். நேற்று பதினாலாவதில் ஆரம்பித்துவிட்டாள். கையை இழுத்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, துணிக்கட்டிலிருந்து இறங்கிப் போகிறவள் மாதிரி காலை உதைத்தாள். இறங்க இன்னும் வராது. ஆனாலும் ஓரக்கண்ணால் நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தாள். எங்கள் வீட்டுப் பெண்தான், சந்தேகமில்லை.

மாடியிலிருந்து அவள் அம்மா கேட்டாள், "எத்தன ஆச்சு பெரியத்தான்?"

"பதினாலு."

"அழறாளே."

"அழட்டும். இன்னும் ஆறு இருக்கு" என்று சொல்லிவிட்டு, கட்டை விரலிலிருந்து மறுபடி பிரிக்க ஆரம்பித்தேன்.